பெயர் பொருந்தாத பணம்

நவம்பர் 4, செவ்வாய்

இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். பணம் போட்டவரின் பெயரைப் பார்க்காமல் காயினை விடுவித்துவிட்டேன்.

பெரிய விஷயமாக இருக்காது. ஆனாலும் எழுதிவைக்கிறேன். எழுதாவிட்டால் நாளைக்கு எனக்கே வேறு மாதிரி ஞாபகம் வரும்.

ஜெபா அக்கா மாலத்தீவில் ஒரு சின்னத் தீவின் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சம்பளம் அந்த ஊர்ப் பணத்தில் வருகிறது. அதை டாலராக மாற்றி இங்கே அனுப்ப வங்கியில் கட்டுப்பாடு. மாதத்துக்கு இவ்வளவுதான் என்று ஒரு சிறிய தொகை, அதற்கு மேல் விடமாட்டார்கள். மீதிச் சம்பளம் அங்கேயே கிடக்கும். அதனால் அக்கா அதைத் தீவிலிருக்கும் ஒரு மளிகைக்கடைக்காரரிடம் கொடுக்கிறாள். அவர் தன் போனிலிருந்து என் போனுக்குக் கிரிப்டோ காயின் அனுப்புகிறார். ஒரு காயின் ஒரு டாலர். நான் அதை ஆப்பில் விற்பேன், பணம் வரும்வரை காயினை ஆப் பிடித்துவைத்திருக்கும். வாங்குகிறவர் என் வங்கிக் கணக்கில் ரூபாய் போடுவார். வந்ததைப் பார்த்துவிட்டு நான் காயினை விடுவிப்பேன். வரியில் கொஞ்சத்தை ஆப்பே பிடித்துக்கொள்கிறது. மீதியை மார்ச்சில் ஆடிட்டரிடம் கேட்க வேண்டும். இதெல்லாம் சரியா தப்பா என்று எனக்கு இன்னும் உறுதியாகத் தெரியாது. அக்காவிடம் கேட்டால், "நான் சம்பாரிச்ச காசை என் தங்கச்சிக்கு அனுப்பறேன், இதுல இன்னாடி தப்பு கீது?" என்கிறாள்.

நான் மறக்கக்கூடாத விதி ஒன்றுதான். ஆப்பில் வாங்குகிறவரின் பெயரும் வங்கியில் பணம் போட்டவரின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறாக இருந்தால் பணத்தைத் திருப்பிவிட வேண்டும். இதற்கு முன் பதினேழு முறை விற்றிருக்கிறேன். பதினேழு முறையும் பார்த்தேன்.

இன்று மதியம் காயின் வந்தது. அனுப்புவதற்கு முன் வழக்கம்போல அக்கா போன் செய்து என் காயின் முகவரியின் எழுத்துகளைப் படித்தாள். ஓர் எழுத்து மாறினாலும் பணம் யாருக்கோ போய்விடும், திரும்ப வராது. முதல் ஆறு, கடைசி ஆறு என்று படித்தால் போதும் என்கிறார்கள். அக்கா முப்பத்து நான்கையும் படிப்பாள்.

"டி. எக்ஸ். ஏழு. சின்ன கே. சொல்லுடி, தூங்கறியா?"

"இருக்குக்கா. சின்ன கே."

"சாப்டியா? ஒன்பது. பெரிய எம்."

"சாப்ட்டேன். பெரிய எம்."

மற்ற நாட்களில் வாட்ஸப்பில் குட்மார்னிங் பூப்படம் போடுவாள், நானும் ஒன்று போடுவேன். காயின் அனுப்பும் நாளில்தான் நாங்கள் ஏழெட்டு நிமிடம் பேசுகிறோம்.

வந்ததில் முதல் பகுதியை, நான் ரிசப்ஷனில் வேலை பார்க்கும் ரிசார்ட்டில் சாப்பாட்டு நேரத்திலேயே விற்றுவிட்டேன். இரண்டாவதை வாங்க ஆள் வந்தபோது மணி ஏழு பத்து. செங்கல்பட்டில் இந்தி வகுப்பில் இருந்தேன், வடநாட்டு விருந்தினர்களுக்காகப் படிக்கிறேன். முஜீப் சார் என்னை எழுப்பி, "கெஸ்ட் வந்துட்டாரு, ரூம் ரெடியாவல. இன்னா சொல்லுவ?" என்று கேட்டார். மேசைக்கு அடியில் போன் அதிர்ந்தது. நாற்பத்திரண்டாயிரத்து முப்பது ரூபாய் வரவு. ஆப் கொடுக்கும் பதினைந்து நிமிடக் கெடுவில் இரண்டு நிமிடம்தான் பாக்கி. விடுவித்துவிட்டு, லாபியில் உட்காருங்கள் ஐயா என்று இந்தியில் சொன்னேன். சரியாகத்தான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பெயரைப் பார்த்தேன். ஆப்பில் ஓர் ஆணின் பெயர். வங்கியில் சுனிதா என்று ஏதோ பெண்.

இப்போது கணக்கில் 3,18,400 இருக்கிறது. இருபதாம் தேதி திருப்போரூரில் மனைப் பதிவுக்குக் கட்ட வேண்டிய மீதி 3,10,000. அறுநூறு சதுர அடிதான். ஆனால் எங்கள் அப்பா, அம்மா, அவர்களின் அப்பா, அம்மா யார் பெயரிலும் பட்டா என்று ஒரு காகிதம் இருந்ததில்லை. பத்திரம் கைக்கு வந்ததும் ஊருக்கு வந்துவிடுவதாக அக்கா சொல்லியிருக்கிறாள். அவள் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிப்பதா வேண்டாமா என்று இருபத்தேழாம் தேதிக்குள் பள்ளிக்கூடத்தில் சொல்ல வேண்டும்.

பெயர் விஷயத்தை அக்காவிடம் சொல்லவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

வகுப்பில் எனக்கு ஒரு போன் வந்தது. தெரியாத எண். எடுத்தால் இந்தி. மத்தியப் பிரதேசத்தில் ஓர் ஊரைச் சொல்லி, அங்கே சைபர் போலீஸ் என்றார். உங்கள் வங்கிக் கணக்கு பற்றி என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் முஜீப் சார் பாய்ந்து வந்தார்.

"ஸ்பீக்கர்ல போடு, ஸ்பீக்கர்ல போடு. பாத்தீங்களா எல்லாரும்? இதான் டிஜிட்டல் அரெஸ்ட்டு, போலீஸ்னு சொல்லி ஏமாத்தறது. எங்க மாமாவுக்கு இதே மாதிரி வந்துச்சு."

கொத்தனார் கான்ட்ராக்டர் வாசுதேவன் கையை நீட்டினார். அவரிடம் பீகார் ஆட்கள் பதினாறு பேர் வேலை செய்கிறார்கள். அவர்களைத் திட்டுவதற்காகவே இந்தி படிப்பதாகச் சொல்வார்.

"அந்த போனை இங்க குடும்மா. ஒரு மாசமா காசு கட்டிப் படிச்சிகினு கீறேன், போன்ல திட்றதுக்கு ஒரு ஆளு மாட்டல."

வாங்கி, தொண்டையைக் கனைத்து, அவருக்குத் தெரிந்த ஒரே முழு வாக்கியத்தை இந்தியில் கத்தினார். மணி பத்தாகிவிட்டது, கலவை எங்கே, சீக்கிரம் கலவை போடு!

அந்தப் பக்கம் இருந்தவர் போனை வைத்துவிட்டார்.

"அண்ணாத்த, இந்தியில 'கலவை' ஆண்பாலா பெண்பாலான்னு பாக்காம அடிச்சு வுட்டியே," என்றார் முஜீப் சார்.

"போலீஸ்காரனே பயந்துட்டான், இதுல ஆணு இன்னா பொண்ணு இன்னா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. இந்த வகுப்பில் என்னைச் சுற்றி எல்லோரும் சிரித்தது இன்றுதான். பிரிட்ஜ் மெக்கானிக் ஒருவர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

நவம்பர் 8, சனி

அதே எண்ணிலிருந்து மூன்று முறை அழைப்பு. பிளாக் செய்தேன்.

நவம்பர் 11, செவ்வாய்

திருக்கழுக்குன்றத்தில் பஸ் நின்றபோது சமோசா வாங்கினேன். போனில் பன்னிரண்டு ரூபாய் போகவில்லை. மூன்று முறை முயன்றேன். சமோசாக்காரர், "நெட்டு இல்லியாம்மா? நாளிக்குக் குடு" என்றார். நெட் இருந்தது.

மதியம் அனுமதி கேட்டுக்கொண்டு வங்கிக்குப் போனேன். கணக்கு முழுவதும் முடக்கப்பட்டிருக்கிறது. சைபர் போலீஸ் உத்தரவு என்று கவுன்ட்டரில் இருந்தவர் சொன்னார். எதற்கு என்று அவருக்குத் தெரியாது. ஒரு துண்டுத்தாளில் அந்த அதிகாரியின் எண்ணை எழுதித் தந்தார். போனில் அதை அழுத்தினேன். நான் பிளாக் செய்த எண்.

ரிசார்ட்டுக்குத் திரும்பிப் போனேன். டெல்லியிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அறை தயாராக இல்லை. லாபியில் உட்காருங்கள் என்று சொல்ல வரவில்லை, தமிழில் சொல்லிவிட்டேன்.

நவம்பர் 12, புதன்

கேட்க வேண்டியவற்றை நேற்றே இந்தியில் எழுதி வைத்துக்கொண்டேன். காலை பத்தரைக்கு அழைத்தேன்.

நான் பெயரைச் சொன்னதும் அவர் கேட்டார்: "கலவை போட்டாயிற்றா?"

மன்னிப்பு கேட்டேன். மன்னிப்பு என் தாளில் இருந்தது, மூன்றாவது வாக்கியமாக. அவர் கோபப்படவில்லை, தமிழ்நாட்டுக்குப் போன் செய்தால் பத்துக்கு எட்டுப் பேர் இப்படித்தான் என்றார். சுனிதா என்ற பெண்ணிடம், வீட்டிலிருந்தே ஓட்டல்களுக்கு நட்சத்திரம் போடும் வேலை என்று சொல்லி யாரோ பணம் பறித்திருக்கிறார்கள். கடைசியாக எந்தக் கணக்கில் போடு என்றார்களோ அது என் கணக்கு. அவள் பணம் எனக்கு வந்தது, என் காயின் ஆப்பில் வாங்கியவனுக்குப் போனது. அவனைக் கண்டுபிடிக்கவில்லை. என்னைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அவர் சொன்னதில் எனக்குப் புரிந்தது இது: வழக்கு முடியும்வரை காத்திருக்கலாம், மாதக்கணக்காகும். அல்லது அந்தத் தொகையை அந்தப் பெண்ணுக்குத் திருப்பிக் கொடுத்து, ஆட்சேபணை இல்லை என்று கடிதம் வாங்கினால், அவர் வங்கிக்கு எழுதுவார். இரண்டு மூன்று நாளில் கணக்கு திறக்கும்.

பதிவுக்கு எட்டு நாள் இருக்கிறது. ரிசார்ட் சம்பளம் வரும் என் இன்னொரு கணக்கில் 44,600 இருக்கிறது. அக்கா வந்தால் கட்டிலும் பீரோவும் வாங்கச் சேர்த்தது. இன்றே அனுப்பலாம்.

ஆனால் இவரும் அந்தக் கூட்டத்தில் ஒருவராக இருந்தால்? எண்ணைத் தந்தது வங்கி. வங்கிக்கு வந்த மின்னஞ்சலே போலியாக இருந்தால்? ஒருமுறை பார்க்காமல் விட்டேன். இந்த முறை எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான்.

சாயங்காலம்தான் அக்காவின் குட்மார்னிங்குக்கு நானும் ஒரு படம் அனுப்பினேன். காலையில் மறந்துவிட்டேன்.

நவம்பர் 15, சனி

அதிகாரியிடம் எண் வாங்கி, சுனிதாவிடம் புகாரின் நகல் கேட்டேன். அனுப்பினாள். அதில் முத்திரை மங்கலாக இருந்தது. மறுபடி கேட்டேன். வேறு வெளிச்சத்தில் எடுத்து அனுப்பினாள். பணம் போன நாளின் வங்கிப் பக்கம் கேட்டேன். ஒரு நாள் கழித்து அனுப்பினாள். அடையாள அட்டை கேட்டேன், எண்ணை மறைத்துவிட்டு அனுப்பலாம் என்று எழுதினேன்.

அவள் குரல் பதிவு அனுப்பினாள். நான்கு முறை கேட்டேன். "பணத்தை எடுத்ததும் நீ. இப்போது சாட்சி கேட்பதும் நீயா? நான் என்ன உன் வீட்டு வேலைக்கா மனு போட்டிருக்கிறேன்?"

எனக்குப் புரியாத வார்த்தை ஒன்றும் அதில் இல்லை.

முஜீப் சாரிடம் சொல்லலாமா என்று நினைத்தேன். வகுப்பு முடிந்து எல்லோரும் படியிறங்கும்வரை நின்றேன். "இன்னா அன்பரசி, டவுட்டா?" என்றார். இல்லை சார் என்றேன்.

நவம்பர் 16, ஞாயிறு

முகத்தைப் பார்த்துவிட்டால் நம்பலாம் என்று வீடியோ அழைப்பு கேட்டேன். ஒப்புக்கொண்டாள்.

ஞாயிறு ரிசார்ட்டில் கூட்டம். எங்கேயும் அமைதி இல்லை. பின்பக்கம் சவுக்குமரங்களைத் தாண்டிப் போய், கரையில் கிடந்த ஒரு பழைய படகின்மேல் உட்கார்ந்து அழைத்தேன். அவள் என்னைவிடப் பத்து வயது பெரியவளாக இருப்பாள். பின்னால் ஒரு தையல் மிஷின், சுவரில் நீல நிறச் சீருடைகள் வரிசையாகத் தொங்கின.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தாள்.

"என் காசில் கடற்கரையில் உட்கார்ந்திருக்கிறாயா?"

இல்லை, இது வேலை செய்யும் இடம் என்றேன். சட்டையில் குத்தியிருந்த பெயர்ப்பட்டையைக் காட்டினேன். சிரித்தாள், நல்ல சிரிப்பு இல்லை. எழுந்து நடந்தேன். போனைத் திருப்பி, சலவைக்குப் போகும் படுக்கை விரிப்பு மூட்டைகள், ஊழியர் சாப்பிடும் அறை, எவர்சில்வர் தட்டுகள், சுவரில் மாட்டிய ஷிப்ட் அட்டவணையில் என் பெயர், எல்லாவற்றையும் காட்டினேன். நான் அவளைச் சோதிக்க அழைத்தேன். அவளுக்கு என்னை நிரூபித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் கேட்டாள், "உன் வீட்டுக்காரர்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. உங்களுக்கு?"

"என் கணவர் சூரத்தில் இருக்கிறார். தெரியாது."

அவள் ஒரு நீலச் சீருடையை எடுத்து மிஷினில் வைத்தாள். போனை வைக்கவில்லை.

நவம்பர் 17, திங்கள்

42,030 அனுப்பினேன். அனுப்புவதற்கு முன் பெயரைப் பார்த்தேன். சுனிதா. பொருந்தியது.

நவம்பர் 18, செவ்வாய்

கடிதம் கையெழுத்தோடு வந்தது. அதிகாரிக்கு அனுப்பினேன். அவர் எடுக்கவில்லை. மாலையில் வேறு ஒருவர் எடுத்தார். சார் ஒரு திருவிழா பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறார், சனிக்கிழமை வருவார், வங்கிக்கு அவர்தான் எழுத வேண்டும்.

பன்னிரண்டாம் தேதி அனுப்பியிருந்தால் அவர் அங்கேயே இருந்திருப்பார். ஐந்து நாளும் காகிதம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 19, புதன்

புரோக்கர் கலையரசனிடம் நான்கு நாள் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டேன்.

"யம்மா, ஆட முடியாத ஆட்டம் ஆடாத. மனை ஜெயினுலாபுதீன் பாய் பேர்ல கீது. அவரு போய்ட்டாரு. சம்சாரம், ரெண்டு புள்ளைங்க, மூணு பேரும் கையெழுத்து போடணும். சின்னவரு அஃப்தாப் சார்ஜாலேர்ந்து இதுக்குன்னே லீவு போட்டு வந்துகீறாரு. வெள்ளிக்கெழம ராத்திரி பிளைட்டு. நாலு நாள் தள்ளுன்னா பிளைட்டையா தள்றது?"

ஆகவே அக்காவை அழைத்தேன். காயின் நாள் அல்லாத நாளில் நானாக அழைப்பது இந்த வருடத்தில் முதல் முறை. எடுத்ததுமே, "இன்னாடி ஆச்சு?" என்றாள்.

வரிசையாகச் சொன்னேன். நான்காம் தேதியிலிருந்து. குறுக்கே பேசாமல் கேட்டாள். அவள் பக்கம் பிள்ளைகள் சத்தம், பிறகு மணி அடித்தது, பிறகு சத்தம் அடங்கியது.

"அந்தப் பொம்பளைக்குக் குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேங்கா."

"சரி. குடுக்க வேண்டியதுதான்." கொஞ்சம் நிறுத்தினாள். "கணக்கு முடங்கினது ஒனக்கு எப்ப தெரியும்?"

"பதினொண்ணாந் தேதி."

"எட்டு நாளு. எட்டு நாளும் எனக்குப் பூப்படம் போட்டுகினு கீற. ரோஜா, தாமரை, நேத்து ஒரு சூரியகாந்தி."

"நீ பயந்துடுவியோன்னு..."

"நானாடி பயந்தேன்?"

அக்கா, "சாப்டியா?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது. அவள் வைத்தாளா, தானாகப் போனதா என்று தெரியவில்லை.

நவம்பர் 20, வியாழன்

விடுப்பு போட்டுத் திருப்போரூர் போனேன். பணம் இல்லாமல் போய் என்ன செய்யப்போகிறேன் என்று பஸ்ஸில் பல தடவை யோசித்தேன். நேரில் சொல்வதுதான் முறை.

பதிவு ஆபீஸ் வாசலில் மனைக்காரர்கள் மூவரும் கலையரசனும் முன்னாலேயே வந்து நின்றிருந்தார்கள். அஃப்தாப் முப்பது வயது இருப்பார். முழுவதும் கேட்டார்.

"தங்கச்சி, எனக்கும் அங்கேர்ந்து அனுப்பற கஷ்டம் தெரியும். ஒன்னை நம்பலன்னு இல்ல. ஆனா காசு வராம கையெழுத்து போட்டுட்டுப் போயி, நாளிக்கு அண்ணனும் நானும் பேஜாராயிடக் கூடாது பாரு."

"பவர் எழுதிக் குடுத்துட்டுப் போயேன் நைனா," என்றார் கலையரசன்.

"அண்ணன் பேர்ல பவரா?" அஃப்தாப் தன் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தெருவைப் பார்த்தார். அவர்கள் அம்மா முக்காட்டைச் சரிசெய்தார்.

முன்பணம் பத்திரமாக இருக்கும், மனையை வேறு யாருக்கும் கொடுக்கமாட்டோம் என்றார் அஃப்தாப். அடுத்த லீவு எப்போது என்று கேட்டேன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் தருவார்கள் என்றார். டீ வாங்கிக் கொடுத்தார். குடித்துவிட்டு, மனையைப் போய்ப் பார்த்தேன். நான்கு மூலையிலும் கல் இருந்தது. நேற்றைய மழைத்தண்ணீர் நடுவில் தேங்கியிருந்தது. அங்கே நின்று அக்காவை அழைத்தேன். எடுக்கவில்லை. வகுப்பு நேரம்.

நவம்பர் 24, திங்கள்

கணக்கு திறந்துவிட்டது. சமோசாக்காரருக்குப் பன்னிரண்டு ரூபாய் கொடுத்தேன். அவருக்கு ஞாபகமே இல்லை.

அதிகாரிக்கு நன்றி சொல்லி இந்தியில் எழுதினேன். கட்டைவிரல் படம் அனுப்பினார். சுனிதாவுக்கும் எழுதினேன். இரண்டு நீலக்கோடு விழுந்தது. பதில் வரவில்லை. எதற்கு வர வேண்டும்?

வகுப்பில் வாசுதேவன், "போலீஸ்காரன் மறுபடி பண்லியா? புதுசா ரெண்டு வார்த்தை கத்துகினு வந்துகீறேன்" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பண்ணவில்லை அண்ணா என்றேன்.

நவம்பர் 26, புதன்

அக்கா அழைத்தாள். காயின் இல்லை, எழுத்துகள் படிக்க வேண்டியதில்லை. அதனால் எங்கே தொடங்குவது என்று இருவருக்கும் தெரியவில்லை. அங்கே மழையா என்று கேட்டேன். இங்கே மழையா என்று கேட்டாள்.

"புதுப்பிச்சுடலாம்னு கீறேன் அன்பு. ரெண்டு வருஷம்."

"மனை இல்லாட்டி இன்னாக்கா? வாடகை வூடே இருந்துட்டுப் போவுது. நீ வந்துடு."

இதைப் பதினொன்றாம் தேதியே சொல்லியிருக்க வேண்டும். அதற்கும் முன்னால், போன வருடமே சொல்லியிருக்கலாம். இப்போது சொன்னதும் என் காதுக்கே அது தவறு செய்தவள் சமாதானத்துக்குச் சொல்வதுபோல இருந்தது.

"வந்து?" என்றாள் அக்கா. "அதே ஒத்த ரூமு. அங்க வந்து ஏழாயிரத்துக்குப் பிரைவேட் ஸ்கூல்ல நிக்கவா? அஃப்தாப்பு லீவுல வர்றப்ப நானும் வர்றேன். ரெண்டு பேரும் ஒரே நாள்ல கையெழுத்து போட்டுக்கலாம்." சிரித்தாள். நானும் சிரித்தேன். கோபம் போய்விட்டதா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

"மூணு லட்சத்தைச் சும்மா வெக்காத. பேங்க்ல டெபாசிட்டு போடு."

"சரிக்கா."

"அப்புறம் என் பி.எட். சர்ட்டிபிகேட்டு பொட்டியில கீது பாரு, பச்சை பைலு. ஒப்பந்தத்துக்கு அதோட கலர் காப்பி கேக்கறாங்க. நாளிக்குக் கடைசி நாளு."

பெட்டியைத் திறந்தேன். பச்சை பைல் மேலேயே இருந்தது. பெயரையும் பிறந்த தேதியையும் ஒருமுறை பார்த்தேன். இரண்டும் சரி.

நாளை: காலை ஏழு ஐம்பது பஸ்ஸுக்கு முன் ஜெராக்ஸ் கடை திறந்திருக்க வேண்டும். பி.எட். சான்றிதழ், இரண்டு பக்கமும், கலரில் ஸ்கேன் செய்து அக்காவுக்கு அனுப்ப வேண்டும். அங்கே மதியம் ஒரு மணிக்குள் போய்ச் சேர வேண்டும்.